வெறும் கனவு என்று ஒன்றில்லை

எமது சிறுகதை விமர்சனங்களில் அடிக்கடி தட்டுப்படும் சொற்றொடர்களில் ஒன்று ‘வெறும் கனவு’. கதைமாந்தர் எவரேனும் உறக்கத்தில் எதையாவது கண்டுவிட்டால் போதும், படைப்பாளி யதார்த்தத்தை விட்டு ஓடிவிட்டார் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அண்மையில் ஒரு நூல் வெளியீட்டிலும் இதையே கேட்டேன். வெளியிடப்பட்ட தொகுதியில் ஒரு கதை. 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் முதலில் ஓலைக் கொட்டிலிலும் பின்னர் கல்வீட்டிலுமாய் வயது போன ஓர் உம்மா, கண்ணயர்ந்த பின் சோனகதெருவிலுள்ள தனது வீட்டுக்குப் போய்வருகிறாள். கிணற்றில் வாளியை இறக்குகிறாள். கயிறு உள்ளங்கையை அறுக்கிறது. படலை சாத்தியிருக்கிறதா என்று இடைக்கிடை திரும்பிப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். நூலை ஆய்வுசெய்த நண்பர், “இந்தக் கதையில் சம்பவம் என்று ஒன்றுமில்லை. ஒரு கிழவி பாயில் படுத்திருக்கிறாள். மிச்சமெல்லாம் வெறும் கனவு. வெளியேற்றத்தின் அரசியலை எழுதியிருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்” என்றார். சபையில் பலர் தலையசைத்தனர். நண்பரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அவரது வாதத்தில்தான் ஓட்டை.

நான் சொல்ல வருவதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த உம்மா தண்ணீர் அள்ளியது அவளுக்கு நிகழ்ந்த ஒன்று. படலையைப் பார்த்துப் பயந்ததும் நிகழ்ந்தது. பகலில் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றது எவ்வளவு அனுபவமோ அவ்வளவு அனுபவம் இதுவும். முப்பது வருடங்களுக்கு மேலாக இரவுகளில் அவள் வாழ்ந்த வாழ்வைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுது என்று படைப்பாளிக்குக் கட்டளையிடுவதை யதார்த்தவாதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அகதி வாழ்வின் பாதி அந்தக் கிணற்றடியில் அல்லவா கிடக்கிறது? வெளியேற்றத்தின் அரசியலுக்கு அதைவிடக் கனமான சாட்சியத்தை நண்பர் எங்கே தேடப்போகிறார்?

“அந்த வீடு இடிந்து பற்றைக் காடாகிவிட்டதே, பிறகெப்படி அது உண்மை?” என்று கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள். இங்கேதான் இரண்டு கேள்விகள் ஒன்றாய்ப் பிணைந்து கிடக்கின்றன. ஒன்று, இது இவருக்கு நிகழ்ந்ததா என்பது. மற்றது, இது வெளியுலகைப் பற்றிய நம்பகமான தகவலா என்பது. கனவு இரண்டாவது கேள்வியில் தோற்றுப்போகும், பெரும்பாலும். முதலாவதில் அது தோற்பதேயில்லை. மம்மல் பொழுதில் கயிற்றைப் பாம்பென்று கண்டு ஓடியவன் கல்லில் இடறி விழுந்தால், பாம்பு பொய். ஓட்டம் மெய். முழங்காலில் வழிகிற இரத்தமும் மெய்.

முதலாவது கேள்வியிலேயே கைவைத்த மேதாவிகளும் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நோர்மன் மல்கம் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1959இல் கனவு பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். உறங்குபவர் எதையும் அனுபவிக்க முடியாது, விழித்த பின் அவர் சொல்லும் கதையைத் தவிர கனவு என்று தனியாக ஒன்றைப் பேசுவதில் பொருளில்லை என்பது அவரது நிலைப்பாடு. 1976இல் டானியல் டெனற் வேறொரு வழியால் வந்தார். விழிக்கும் கணத்தில் நினைவிலே ஆயத்தமாய்ச் செருகப்படும் ஒன்றாகக் கனவு இருக்கலாகாதா என்று வினவினார். தர்க்கத்தில் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆயினும் இந்தச் சர்ச்சையை இறுதியில் மெய்யியலாளர்கள் தீர்க்கவில்லை. உறக்க ஆய்வுகூடங்கள் தீர்த்தன.

உறக்கத்தில் கண்மணிகள் விரைந்தசையும் கட்டம் ஒன்று இருப்பதைச் சிக்காக்கோவில் அசரின்ஸ்கியும் கிளைற்மனும் 1953இல் வெளியிட்டிருந்தார்கள். அக்கட்டத்தில் உடல் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மாத்திரம் அசையும். தான் காண்பது கனவு என்று கனவுக்குள்ளேயே அறிந்துகொள்ளும் சிலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரோடு இங்கிலாந்தில் கீத் ஹேர்ண் 1975இல் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கனவுக்குள் போனதும் கண்களை இடமும் வலமுமாய் இத்தனை தடவை அசைக்க வேண்டும். அசைவு வந்தது. கருவி பதிந்துகொண்டது. சில வருடங்களின் பின் அமெரிக்காவில் ஸ்டீபன் லபேர்ஜும் அதையே செய்துகாட்டினார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் 36 பேரை வைத்து இன்னும் ஒருபடி மேலே போனார்கள். உறங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம், எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்கப்பட்டது. கனவுக்குள்ளிருந்து அவன் கண்களை இரண்டு தடவை இடம்வலமாய் அசைத்தான். முயற்சிகளில் பெரும்பாலானவை பதிலின்றிப் போயின என்பது உண்மை. எனினும் ஒரேயொரு சரியான பதில் வந்தாலும், கனவு விழித்த பின் கட்டப்படும் கதை மட்டுமே என்ற வாதம் நிற்காது. அங்கே ஒருவர் இருந்தார். அவருக்குக் கேட்டது. அவர் கணக்குச் செய்தார். எனது வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே இந்தக் கணக்குக்கு விழிப்பவர்கள் உண்டு என்பது வேறு விடயம்.

கலாசாலையில் எமக்குப் பியாஜேயைப் படிப்பித்தார்கள். சிறுபிள்ளை கனவை வெளியே, அறைக்குள்ளே நடக்கும் ஒன்றாக நம்புகிறது. வளர வளர அது தனக்குள்ளே நடப்பது என்று அறிகிறது. பரீட்சைக்கு இந்தப் படிநிலைகளை மனனம் செய்தோம். பியாஜே சொன்னது இவ்வளவே. அதற்கு மேலே ஒரு படியை நாமாகவே கட்டிக்கொண்டோம். உள்ளே நடப்பது என்றால் நடக்காதது என்று அர்த்தப்படுத்திக்கொண்டோம். பல்வலியும் உள்ளேதான் நடக்கிறது. அதை எந்த விமர்சகரும் யதார்த்த விரோதம் என்று சொன்னதில்லை.

இனி எமது சொந்த வீட்டுக்குள் வருவோம். மேற்கிலிருந்து இதை இரவல் வாங்க வேண்டிய அவசியம் எமக்கு இருக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாய் இருக்கையில் லெப்பையிடம் ஓதிய பிக்ஹுப் பாடத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு நுட்பமாகக் கையாளப்பட்டிருக்கிறது என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உறக்கத்தில் ஸ்கலிதமானால் குளிப்புக் கடமை. இரவில் உள்ளே நடந்ததன் சுவடு உடலில் நின்றுவிட்டது, அதற்குச் சட்டம் பதில் சொல்கிறது. கனவு நினைவிலிருந்தும் சுவடு எதுவும் இல்லையாயின் கடமையில்லை. கனவில் செய்த செயலுக்குப் பாவமும் இல்லை. உறங்குபவர்மீது, விழிக்கும்வரை, எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது.

பார்த்தீர்களா, பொறுப்பில்லாத செயல் மெய்யான செயலாகுமா என்று யாரும் இங்கே குறுக்கிடக்கூடும். அவர்கள் அதே ஹதீஸை முழுதாக வாசிக்க வேண்டும். எழுதுகோல் உயர்த்தப்பட்டவர் மூவர். உறங்குபவர், புத்தி பேதலித்தவர், பருவமடையாத பிள்ளை. எனது வகுப்பிலுள்ள சின்னஞ்சிறுசுகள் அத்தனை பேர்மீதும் எழுதுகோல் உயர்ந்துதான் இருக்கிறது. அதனால் அவர்கள் விளையாடுவதும் அழுவதும் பொய்யா?

இமாம் நவவி அவர்கள் (மறைவு 1277) எடுத்துப் பேசும் ஒரு விடயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஷஃபான் முப்பதாம் இரவு. பிறை தென்படவில்லை. ஒரு மனிதர் அன்றிரவு நபிகளாரைக் (ஸல்) கனவில் காண்கிறார். இது ரமழானின் முதலிரவு என்று நபிகளார் அவருக்குச் சொல்கிறார்கள். நோன்பு பிடிக்கலாமா? அந்தக் கனவைக் கொண்டு நோன்பைத் தீர்மானிக்க முடியாது என்பதே பதில். ஏன்? நபிகளாரைக் கனவில் கண்டவர் உண்மையாகவே கண்டார் என்பதை இமாம் மறுக்கவில்லை. உறங்குபவரின் நிலை, கேட்டதைப் பிசகின்றிப் பிடித்துவைத்துச் சாட்சி சொல்லும் நிலையல்ல என்பதுதான் அவர் காட்டும் காரணம். அனுபவத்தின் மெய்ம்மையை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டே அதன் சாட்சியத்தை நிராகரிக்கிறார். எழுநூறு வருடங்களுக்கு முன்னர் இவ்வளவு தெளிவு இருந்திருக்கிறது. (வருடாவருடம் பிறைக்காக நாம் படும் பாட்டில் இந்தக் கனவுச் சாட்சி ஒன்றுதான் இன்னும் பாக்கி.)

இமாம் கஸ்ஸாலி இன்னும் ஆழமாகப் போனவர். தன் கடைசிக் காலத்தில் எழுதிய ‘அல்முன்கித்’தில், புலன்களைப் பகுத்தறிவு பொய்யாக்குகிறது, பகுத்தறிவைப் பொய்யாக்க இன்னொரு நிலை இருக்கலாகாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, அவருக்கு முன்னே வந்து நின்றது கனவுதான். கனவுக்குள்ளே நாம் ஐயப்படுவதில்லை. விழித்த பின்பே அதன் நிலை தெரிகிறது. அப்படியாயின் இந்த விழிப்புக்கும் மேலே ஒரு விழிப்பு இருந்தால்? ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இந்தக் கேள்வி அவரை நோயாளியாக்கியது. டெக்கார்ட் இதற்கு நெருங்கிய ஒரு வாதத்தை 1641இல்தான் அச்சிட்டார். கனவை மட்டம்தட்ட விழிப்பை அளவுகோலாக நீட்டுபவர்கள், அந்த அளவுகோலின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று கஸ்ஸாலியிடம் கேட்டிருக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பின் எமது மறுபக்கத்துச் சகோதரர்கள் கைதட்ட ஆயத்தமாகக்கூடும். அவர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. கனவு உண்மை என்றதும், அது நாளைய செய்தித்தாள் என்று எண்ணிக்கொள்பவர்கள் இவர்கள். இஸ்திகாரா தொழுதேன், கனவில் கறுப்பு நிறம் வந்தது என்று சொல்லி நிச்சயித்த பெண்ணைக் கைவிட்ட குடும்பங்களை நானறிவேன். இஸ்திகாராவுக்குக் கனவு வரவேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. அது ஒரு துஆ. பள்ளிவாசல் வாசலிலும் பஸ் நிலையத்திலும் இப்னு ஸீரீன் பெயரில் கனவுப் பலன் புத்தகங்கள் விற்கப்படுகின்றன. பாம்பு என்றால் பகை, பால் என்றால் அறிவு என்று அகராதி போட்ட புத்தகங்கள். 728இல் மறைந்த அப்பெரியார் அப்படியொரு நூலைத் தாமே எழுதியதாக ஆய்வாளர்கள் கருதுவதில்லை. அவர் பெயரில் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை அவை. அவரைப் பற்றி வழங்கும் பிரபலமான செய்தியோ அந்த அகராதிகளையே அடித்து வீழ்த்துகிறது. பாங்கு சொல்வதாய்க் கனவு கண்ட இருவர் அவரிடம் வந்தனர். ஒருவருக்கு நீர் ஹஜ்ஜுக்குப் போவீர் என்றார். மற்றவருக்கு உமது கை களவுக்காக வெட்டப்படும் என்றார். கனவு ஒன்றுதான். கண்டவர்கள் வேறு. அவர் கனவைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

கனவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 1979 நவம்பர் 20ஐ நினைவூட்டினால் போதும். ஹிஜ்ரி 1400இன் முதல் நாள் சுபஹில் ஜுஹைமான் அல் உதைபியின் கூட்டம் மக்காவின் ஹரத்தைக் கைப்பற்றியது. அவர்களில் ஒருவரான முஹம்மத் அல் கஹ்தானியே மஹ்தி என்று பலர் கனவு கண்டதாக அவர்கள் நம்பினர். முற்றுகை இரண்டு வாரங்கள் நீடித்தது. மஹ்தி எனப்பட்டவர் சில நாட்களிலேயே மடிந்தார். இரு தரப்பிலும் யாத்திரிகரிலுமாய் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவர்கள் கண்ட கனவுகள் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். கண்டிருப்பார்கள். கண்டது அவர்களைப் பற்றியது, மஹ்தியைப் பற்றியதல்ல.

பாங்கின் வரலாற்றை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். உண்மைதான். அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரழி) அவர்கள் கனவில் கேட்ட வாசகங்களே ஐவேளையும் எமது ஊர்களில் ஒலிக்கின்றன. ஆனால் அவர் அதைக் கண்டவுடன் கூரையில் ஏறிக் கூவவில்லை. நபிகளாரிடம் (ஸல்) வந்து சொன்னார். அவர்களின் ஒப்புதலால் அது பாங்காயிற்று. கனவாயிருந்தபோது அது ஒரு மனிதரின் அனுபவம்.

இனி வகுப்பறை. தமிழ்ப் பாடத்தில் ‘நான் கண்ட கனவு’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பு வழமையாக வரும். அப்துல் கலாம் இளைஞர்களைக் கனவு காணச் சொன்னாலும் சொன்னார், இப்போது அந்தச் சொல்லுக்கு இலட்சியம் என்ற ஒரே பொருள்தான் எஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் டொக்டராவார்கள், பொறியியலாளராவார்கள். சினிமாவோ அதைச் சுவிற்சர்லாந்துப் பாட்டாக்கிவிட்டது. 2005ஆம் ஆண்டு, சுனாமிக்குப் பின்னர், கடலோரத்தில் தற்காலிகக் கொட்டகை ஒன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்து அதிக காலமில்லை. ஏழாம் தரத்துப் பிள்ளை ஒன்று அந்தத் தலைப்புக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தது. தம்பி இரவில் வருகிறான். சேட் நனைந்திருக்கிறது. பசிக்குது ராத்தா என்கிறான். சோறு போட்டுக் கொடுக்கிறாள். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், தின்னமாட்டேன் என்கிறான். கட்டுரை அவ்வளவில் நின்றது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, தலைப்புக்குப் பொருத்தமில்லை, எதிர்கால இலட்சியம் எழுதப்படவில்லை என்று சிவப்பு மையில் குறித்தார். நான் போட்ட புள்ளியை நான் மாற்றவில்லை.

அதே மாதங்களில் வெளியிலிருந்து உளவள ஆலோசகர்கள் வந்தார்கள். வர்ணப் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாக அலை அலையாய் வரைந்து கொடுத்தார்கள். தம்பி நேற்றிரவு என்ன சொன்னான் என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் வாழ்வில் அந்த மாதங்களில் நடந்த மிகப் பெரிய சம்பவம் இரவுதோறும் அந்தச் சோற்றுக் கோப்பையின் முன்னால் நடந்துகொண்டிருந்தது. கெட்ட கனவு கண்டால் என்ன செய்ய வேண்டும், நல்ல கனவை யாரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒழுக்கம் வகுத்து வைத்திருக்கிறது எமது மார்க்கம். நடக்காத ஒன்றுக்கு எவரும் ஒழுக்கம் வகுப்பதில்லை.

தமிழ் இலக்கியத்துக்கும் இது புதிதல்ல. வள்ளுவர் காமத்துப்பாலில் ‘கனவுநிலையுரைத்தல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நனவில் கண்ட இன்பமும் கண்ட பொழுதில்தான் இன்பம், கனவில் கண்டதும் அப்படியே என்று அந்தத் தலைவி கணக்குத் தீர்க்கிறாள். இதைவிடச் சுருக்கமாக என் வாதத்தை யாரும் சொல்லிவிட முடியாது. இவ்வளவு தூரம் எழுதியிருக்கவே தேவையில்லை. சிலம்பில் கண்ணகி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்லும் காதைக்குப் பெயரே ‘கனாத்திறம் உரைத்த காதை’. எமது பக்கத்தில், பக்கவாதத்தில் கிடந்த பூஸீரி, நபிகளார் (ஸல்) தம்மீது போர்வையைப் போர்த்தக் கனவு கண்டு குணமடைந்ததாக வரும் வரலாற்றிலிருந்தே அவரது கஸீதாவுக்குப் புர்தா என்ற பெயர் நிலைத்தது. சீறாப்புராணம் பாட எடுத்த உமறுப்புலவருக்கு ஸதக்கத்துல்லாஹ் அப்பாவின் ஆதரவு முதலில் கிடைக்கவில்லை, பின்னர் ஒரு கனவே வழிதிறந்தது என்ற செய்தியும் வழங்கிவருகிறது. இவற்றை நம்புவதா இல்லையா என்று தௌஹீத் தரப்பும் தரீக்கா தரப்பும் சண்டை பிடிக்கட்டும். பாயில் கிடந்த கவிஞனுக்குப் பாட்டு வந்த இடத்தைத் தப்பியோட்டம் என்று சொல்ல அந்த இரு தரப்பிலும் ஒருவரும் இல்லை. அதைச் சொல்ல எமது விமர்சகர்கள்தான் வேண்டியிருந்தது.

1960களில் எமது நாட்டில் முற்போக்கு விமர்சகர்கள் யதார்த்தவாதத்தை முன்னிறுத்தியபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ராசகுமாரிகளும் தற்செயல்களும் நிறைந்த கதைகளுக்கு நடுவே கூலிக்காரனையும் மீனவனையும் கொண்டுவர அந்தக் கடுமை தேவைப்பட்டது. கைலாசபதியும் சிவத்தம்பியும் போட்ட பாதையில் நடந்துதான் நாமும் எழுத வந்தோம். ஆனால் கூலிக்காரனும் இரவில் உறங்குகிறான். மீனவனும் கனவு காண்கிறான். அவனது பகலை மட்டும் அவனுடையதாக்கி, இரவைக் கற்பனாவாதிகளுக்கு எழுதிக் கொடுத்தது யார்?

குற்றத்தில் ஒரு பங்கு படைப்பாளிகளுக்கும் உண்டு. இந்தச் சஞ்சிகை உட்பட எமது ஏடுகளில் வந்த கதைகள் எத்தனை, ‘திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு’ என்று முடிந்தவை! வாசகனை மூன்று பக்கம் அழவைத்துவிட்டுக் கடைசி வரியில் காசைத் திருப்பிக் கொடுப்பது போன்றது அது. கனவை மரியாதையோடு எழுத விரும்புபவர் அந்த வரியை முதலில் எரிக்க வேண்டும். அடுத்து, கனவைக் குறியீட்டு மூட்டையாக்கும் பழக்கம். வெள்ளைப் புறா, அறுந்த சங்கிலி, எரியும் மரம். உண்மையான கனவு கண்ட எவருக்கும் தெரியும், அங்கே புறா வருவதில்லை. மூத்தம்மாவின் பாக்குவெட்டி வரும், மூடாத தண்ணீர்க் குழாய் வரும், பரீட்சை மண்டபத்தில் பேனை எழுதாமல் போகும். வெளியேற்றத்தை எழுதிய அந்தக் கதாசிரியர் கிணற்றுக் கயிறு உள்ளங்கையை அறுப்பதை எழுதினார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம். இனிமேல் அப்படி ஒரு கதை இந்தச் சஞ்சிகைக்கு வருமாயின், ஆசிரியர் குழு அதற்குமேல் ‘கனவுக்கதை’ என்று சிறு எழுத்தில் குறிப்புப் போடாமலிருந்தால் நல்லது.